கிறிஸ்துமஸ் காலமும் வீட்டு ஒப்புரவும்

வேதபாடப் பகுதி: மத்தேயு 5:23, 24, லூக்கா 1:13-17, ஆதியாகமம் 32, 33 அதிகாரங்கள்

இந்த டிசம்பர் இதழின் பாடத்தில் கத்தோலிக்க மக்களைப் பற்றியும் நான்கு வார்த்தை வருகிறது. 'பாஸ்டருக்கு என்ன ஆச்சு' என்று யாரும் பயப்பட வேண்டாம். உபதேசத்தில் நான் நிற்கிற இடத்திலேதான் நிற்கிறேன். நம்ம சபையில் பாதிப் பேருக்குமேல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். டிசம்பர் பிறந்தாலே நம்ம வீடுகளில் ஒரு சங்கடம் பிறக்கிறது. அம்மா அங்கே பூசைக்குப் போகிறார்கள், மகள் இங்கே ஆராதனைக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் குடில், தம்பி வீட்டில் அதைப் பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. இதில் என் வீட்டுக் கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எழுதினால் நான் மாய்மாலக்காரன்.

முதலில் வசனத்துக்கு வருவோம். கிறிஸ்துமஸ் சம்பவம் எங்கே ஆரம்பிக்கிறது? பெத்லகேமில் இல்லை, நாசரேத்திலும் இல்லை. எருசலேம் தேவாலயத்தில், தூபங்காட்டிக்கொண்டிருந்த கிழவனான சகரியாவிடத்தில் ஆரம்பிக்கிறது. காபிரியேல் தூதன் வந்து, உனக்கு ஒரு மகன் பிறப்பான், தாயின் வயிற்றிலிருக்கும்போதே பரிசுத்த ஆவியினால் நிரப்பப்படுவான் என்று சொல்லுகிறான். நமக்கு உடனே சந்தோஷம், அபிஷேகத்தைப் பற்றின வசனமாச்சே! ஆனால் அந்த அபிஷேகம் எதற்கு என்று 17-ஆம் வசனத்தில் இருக்கிறது. எலியாவின் ஆவியோடும் பலத்தோடும் வந்து அவன் முதலாவது செய்யப்போகிற வேலை, தகப்பன்மாருடைய மனதைப் பிள்ளைகள் பக்கமாகத் திருப்புவது. அக்கினி இறக்குவது என்று அங்கே சொல்லப்படவில்லை. வீட்டுக்குள்ளே முறிந்துபோனதைக் கட்டுவதுதான் சொல்லப்படுகிறது.

மல்கியாவைத் திறந்து பாருங்கள். பழைய ஏற்பாட்டின் கடைசி வசனமும் இதே காரியந்தான். அதற்குப் பிறகு ஏறக்குறைய 400 வருஷம் தீர்க்கதரிசனச் சத்தம் இல்லை. அந்த மவுனத்தை உடைத்துக்கொண்டு தூதன் வந்து பேசும்போது, விட்ட இடத்திலிருந்தே எடுக்கிறான். நாம் எழுப்புதல் வேண்டும், எழுப்புதல் வேண்டும் என்று உபவாசித்து ஜெபிக்கிறோம். ஆண்டவர் கேட்கிறது: உன் தகப்பனோடு பேசினாயா?

அடுத்ததாக யோசேப்பைப் பாருங்கள் (மத். 1:18-25). நிச்சயம் பண்ணின பெண் கர்ப்பவதி. நம்ம ஊரில் இப்படி ஒரு காரியம் நடந்தால் தெருவே கூடிவிடும். நியாயப்பிரமாணமோ அவன் கையில் கல்லைக் கொடுக்கிறது. அவன் நீதிமான் என்று மத்தேயு எழுதுகிறார். நீதிமான் ஆனபடியினாலே அவளைச் சந்தியில் நிறுத்தினான் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அவளை அவமானப்படுத்த மனதில்லாமல் இரகசியமாக விலகப் பார்க்கிறான். அதுவும் தூதன் வந்து பேசுவதற்கு முன்னாலே! அவன் மனது அப்போது எப்படி வெந்திருக்கும்? வேதனை இருந்தும் அடுத்தவருடைய மானத்தைக் காத்தான். அவன் அன்றைக்கு ராத்திரி கோபத்தில் நாலு பேரிடம் வாயைத் திறந்திருந்தால், விடியும்போது சொப்பனத்தால்கூட அதைத் திருப்பி எடுத்திருக்க முடியாது. குடும்பச் சண்டையை ஜெபக்குறிப்பு என்ற பேரில் ஊரெல்லாம் பரப்புகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

இப்போது என் கதை.

நான் 2002-ல் ஞானஸ்நானம் எடுத்தேன். கடற்கரைக் கிராமம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். இரட்சிக்கப்பட்ட புதிது, வைராக்கியம் கொஞ்சநஞ்சமல்ல. 2003 டிசம்பர் 24 ராத்திரி அண்ணன் வீட்டுக்குப் போனேன். நடுவீட்டில் குடில். அண்ணன் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு வாரத்துக்கு முன்னமே சிரட்டையில் கேப்பை முளைக்கப் போட்டு, அந்தப் பச்சையை வயல் மாதிரி அடுக்கி, "சித்தப்பா, என் வயலைப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? விக்கிரகத்துக்கு முன்னால் நிற்கமாட்டேன் என்று சத்தம்போட்டு, யாத்திராகமம் 20-ஐச் சொல்லிக்கொண்டே, அந்தச் சுரூபங்களை எல்லாம் வாரி ஒரு சாக்கில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தேன். இரண்டு உடைந்தன. சிரட்டைகளும் கவிழ்ந்தன. பிள்ளை வீறிட்டு அழுதாள். அண்ணன் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "இனிமே இந்த நடை ஏறாதடே" என்றார்.

அந்த அடியை நான் ரொம்ப காலம் சாட்சியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 'சத்தியத்தினிமித்தம் பாடு அனுபவித்தேன்' என்று. சபைகளில் அல்லேலூயா சொன்னார்கள். பிள்ளை அழுததை மட்டும் ஒரு இடத்திலும் சொன்னதில்லை.

2009-ல் அப்பா மரித்தார். அடக்கத்துக்குப் போனேன், ஆனால் கோவிலுக்குள்ளே ஏறவில்லை. பூசை முடிகிறவரை ரோட்டில் நின்றேன். கல்லறையில் அண்ணனும் நானும் எதிரெதிரே நின்று மண் போட்டோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், மத்தேயு 5:23, 24-இல் பிரசங்கத்துக்கு ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். நூறு தரம் வாசித்த வசனம். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போ என்கிறார். யாரிடம் போக வேண்டும்? உனக்கு யார்மேல் குறையோ அவனிடம் என்று நான் அத்தனை நாளும் மனதில் வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே அப்படி இல்லை. யாருக்கு உன்மேல் குறையோ அவனிடம் போ என்று இருக்கிறது! அவர் அடித்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தேன். அவருக்கு என்மேல் குறை உண்டு என்பதை நான் நினைக்கவே இல்லை.

வேதாகமக் கல்லூரியில் கொஞ்சம் கிரேக்கு படித்ததினால் அந்த வார்த்தையைத் தேடினேன். 2 கொரிந்தியர் 5-ல் தேவன் நம்மை ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுகிறதற்குக் 'கட்டலாஸ்ஸோ' என்ற சொல். மத்தேயு 5:24-ல் அதே வேரிலிருந்து வருகிற 'டியலாஸ்ஸோ'. புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் அது வருகிறது. வேர்ச்சொல்லுக்கு மாறுதல், மாற்றிக்கொள்ளுதல் என்று அர்த்தம். தமிழில் 'ஒப்புரவு' இன்னும் பழைய வார்த்தை, திருக்குறளில் 22-ஆம் அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்று பேர். அங்கே ஊரோடு ஒத்து உதவி வாழ்வது என்ற கருத்து. இதில் ஒரு காரியம் என்னை உறுத்தியது. நாங்கள் சின்ன வயதில் பாவசங்கீர்த்தனம் என்று சொன்னதை இப்போது கத்தோலிக்கர் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்கள் கோவிலில் அதற்கு வரிசை நிற்கும். மனுஷனாகிய குருவிடத்தில் போய்ப் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை, நமக்கு ஒரே மத்தியஸ்தர் உண்டு (1 தீமோ. 2:5). ஆனால் யாக்கோபு 5:16 நம்ம வேதத்திலும் இருக்கிறதே? ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லுகிறதே? அவர்கள் வரிசையிலாவது நிற்கிறார்கள். நாம் எங்கே நிற்கிறோம்?

அந்த வருஷம் இன்னொரு செய்தியும் என்னைக் குத்தியது. இத்தாலியில் கசெர்த்தா என்ற ஊரில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. அதன் பேரே ஒப்புரவின் சபை. 2014 ஜூலை 28-ஆம் தேதி போப் பிரான்சிஸ் அந்தச் சபைக்குப் போய், பெந்தெகொஸ்தே விசுவாசிகளிடத்தில் மன்னிப்புக் கேட்டார். காரணம் உண்டு. 1935-ல் முசோலினி ஆட்சியில் உள்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பி, பெந்தெகொஸ்தே ஆராதனை இனத்தின் உடல், மன நலத்துக்கே கேடு என்று சொல்லித் தடை செய்தது. நம்ம ஜனங்கள் ஜெயிலுக்குப் போனார்கள். யுத்தம் முடிந்த பின்னும் 1955 வரைக்கும் அது நீங்கவில்லை. அதில் கத்தோலிக்கருக்கும் பங்கு இருந்தது என்று ஒத்துக்கொண்டு அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் செய்த குற்றமில்லை, அவர் அப்போது பிறக்கவே இல்லை. 1936-ல் அர்ஜென்டினாவில் பிறந்தவர். தான் செய்யாததற்காக ஒருவர் தேடிப்போய்க் கேட்கிறார். நான் என் கையால் செய்ததற்கு 11 வருஷமாகக் கேட்கவில்லை.

மறைந்த அந்தப் போப், 2013 டிசம்பர் 29-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பங்களுக்கு மூன்று வார்த்தை சொன்னார். ஒரு காரியம் செய்யுமுன்னே 'செய்யலாமா' என்று கேட்பது, 'நன்றி' சொல்வது, 'மன்னித்துக்கொள்' என்பது. அந்த ஞாயிறை அவர்கள் திருக்குடும்பத் திருவிழா என்று ஆசரிக்கிறார்கள். அன்றைக்கு வழக்கமாக வாசிக்கிற பகுதிகளில் ஒன்று கொலோசெயர் 3-ஆம் அதிகாரம். அதை எடுத்து வாசியுங்கள். ஒருவர்மேல் ஒருவருக்குக் குறை உண்டானால் கிறிஸ்து மன்னித்தது போல மன்னியுங்கள் என்று 13-ஆம் வசனம். புருஷன் மனைவியிடத்தில் கசப்பாயிருக்கக்கூடாது, தகப்பன் பிள்ளையைக் கோபமூட்டி மனம் உடைக்கக்கூடாது என்று 19, 21-ஆம் வசனங்கள். இது நம்ம வேதம்தானே! 18-ஆம் வசனத்தை மட்டும் மனைவிமாருக்கு மனப்பாடமாகச் சொல்லுகிற சகோதரர்கள் 19-க்கும் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும்.

யாக்கோபு ஏசா சம்பவத்தை நான் இப்போது புதிதாக வாசிக்கிறேன். ஆதியாகமம் 32-ல் யாக்கோபு முழு ராத்திரி ஜெபம் பண்ணினான், தொடைச்சந்து சுளுக்குமட்டும் போராடினான் என்று நாம் பிரசங்கிக்கிறோம். விடிந்தவுடன் என்ன நடந்தது? 33-ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் அண்ணன் 400 பேரோடே எதிரே வருகிறான். முழு ராத்திரி ஜெபம் அண்ணனைச் சந்திப்பதற்குப் பதிலாக வரவில்லை, அண்ணனைச் சந்திப்பதற்காக வந்தது. நொண்டிக்கொண்டே போய் ஏழுதரம் தரைமட்டும் குனிகிறான். முன்னாலே அனுப்பின மந்தையை எண்ணிப் பார்த்தேன்: ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமல் 550 உருப்படி. இதைவிட ஒரு சிறிய காரியம் உண்டு. 33:11-ல் யாக்கோபு, நான் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ளும் என்கிற இடத்தில் எபிரெயத்தில் 'பெராகா' என்ற வார்த்தை, அதாவது 'என் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ளும்'. எதைத் திருடிக்கொண்டு ஓடினானோ அந்தப் பேரையே சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான்! பொதுவாக 'ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னியுங்கள்' என்று சொல்லவில்லை. நம்ம ஆட்கள் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கட்டிப்பிடித்து, 'பிரதர், தெரிஞ்சும் தெரியாமலும்...' என்று ஆரம்பிப்பார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். நிலத்தில் இரண்டு சென்ட் ஏமாற்றினது தெரியும். சீதனப் பணத்தைச் சொல்லிச் சொல்லி மருமகளை அழவைத்தது தெரியும். சகேயு கணக்குப் பார்த்து நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான் (லூக். 19:8). பணத்தகராறு என்றால் பணத்தோடே போங்கள்.

நான் அந்த டிசம்பர் 22-ஆம் தேதி போனேன். போகும்போது வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. கைப்பிரதி கொண்டுபோகவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன், ஏனென்றால் அவர்களுக்கும் பெரியப்பா வேண்டும். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். ஏசா மாதிரி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வலையைப் பார்த்தார். நடை ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு, "அண்ணே, அன்னைக்கு நான் குடிலைப் பிச்சது தப்பு. பிள்ளையை அழவச்சேன். அப்பா அடக்கத்துல உள்ள வராம நின்னது உங்களுக்கு எவ்வளவு கேவலமா இருந்திருக்கும். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். நீங்கள் அடித்தீர்களே என்பதைச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, ஆண்டவர் தடுத்தார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மதினிதான் உள்ளே இருந்து வந்து என் மனைவி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். அண்ணன் கடைசியில், "சாப்பிட்டியாடே" என்றார். அவ்வளவுதான். அம்மா முந்திரிக்கொத்து எடுத்துக்கொண்டு வந்து என் பிள்ளைகள் கையில் திணித்தார்கள், ஒரு கண்ணில் சிரிப்பு, ஒரு கண்ணில் தண்ணீர். அண்ணன் மகள் மட்டும் என்னோடு பேசவில்லை. அவளுக்கு அப்போது 16 வயது. அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவளிடத்தில் தனியாக மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

குடில் விஷயத்தில் என் உபதேசம் மாறவில்லை. சுரூபத்தை வணங்குகிறது வேத வசனத்துக்கு விரோதம். நம்ம சபையில் 25-ஆம் தேதி ஆராதனை மட்டும் உண்டு, குடில் இல்லை, இனியும் இருக்காது. 1223-ல் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் என்பவர் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவந்து ஆண்டவருடைய தரித்திரத்தை ஜனங்களுக்குக் கண்ணால் காட்டினார், அதிலிருந்துதான் இந்தக் குடில் வழக்கம் பரவினது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது இருக்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் கேப்பைப் பச்சை எந்த விக்கிரகம்? அதைக் கவிழ்க்க எனக்கு எந்த வசனமும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தைத் தப்பாகப் பிடித்துக்கொள்ளுகிறவர்கள் உண்டு. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடத்துக்கு, 'பாஸ்டர் ஒப்புரவாகச் சொன்னார்' என்று ஒரு சகோதரியை யாரும் தள்ளிக்கொண்டு போகக்கூடாது. போப் ஜான் பால் 1981 மே 13-ல் துப்பாக்கியால் சுடப்பட்டார். நான்காம் நாள், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே சுட்டவனை மன்னித்ததாகச் செய்தி கொடுத்தார். 1983 டிசம்பர் 27-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், ரோமாபுரியின் ரெபிபியா ஜெயிலுக்கே போய் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். என்ன பேசினார்கள் என்பதை இருவருக்குள்ளே இரகசியமாக வைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு ஜெயில் கதவு திறக்கப்படவில்லை. 2000-ல்தான் இத்தாலி அவனுக்குத் தண்டனையை மன்னித்துத் துருக்கிக்கு அனுப்பினது. மன்னிப்பது வேறு, ஆபத்தை வீட்டுக்குள்ளே விடுவது வேறு. யாக்கோபும் ஏசாவும்கூட கட்டிப்பிடித்து அழுதபின் ஒரே கூடாரத்தில் குடியிருக்கவில்லை. அவன் சேயீருக்கும் இவன் சுக்கோத்துக்கும் போனார்கள். ஆனாலும் ஆதி. 35:29-ஐப் பாருங்கள். ஈசாக்கு மரித்தபோது இரண்டு பேரும் சேர்ந்து அடக்கம் பண்ணினார்கள். இந்த வசனத்தை என்னால் இன்றைக்கும் சத்தமாக வாசிக்க முடிகிறதில்லை.

கடைசியாக மேல்வீட்டறை. அப்போஸ்தலர் 1:14-ல் அங்கே இருந்தவர்களின் பட்டியலில் இயேசுவின் தாயாரும் அவருடைய சகோதரரும் இருக்கிறார்கள். இதே சகோதரர் யோவான் 7:5-ல் அவரை விசுவாசிக்கவில்லை. மாற்கு 3:21-ல் அவருடைய இனத்தார் அவர் மதிமயங்கினார் என்று பிடிக்க வந்தார்கள். (இந்தச் சகோதரர் யார் என்பதில் கத்தோலிக்கருக்கும் நமக்கும் பேதம் உண்டு, அதை வேறொரு இதழில் பார்ப்போம்.) உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குத் தனியாகத் தரிசனமானார் என்று 1 கொரி. 15:7 சொல்லுகிறது. அவர் தம் வீட்டாரைத் தேடிப்போனார். அதற்குப் பிறகு ஒருமனப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அக்கினி இறங்கினது.

வருகிற ஜனவரியில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கோவிலில்தான், பூசையோடு. பத்திரிகையில் சித்தப்பா என்று என் பேரையும் போட்டிருக்கிறார்கள், அவளே கேட்டுப் போட்டாளாம். சபையில் இரண்டு மூப்பர்கள் என்னிடம் வந்து, "பாஸ்டர், நீங்க மண்டபத்துக்கு மட்டும் போனா போதுமே" என்று சொன்னார்கள். அவர்கள் பாரம் எனக்குப் புரிகிறது, அவர்களோடு உட்கார்ந்து ஜெபித்தேன். நான் கோவிலுக்குள்ளே போய் என் அண்ணன் பக்கத்தில் உட்காரப் போகிறேன். முழங்கால் போடமாட்டேன், நன்மை வாங்கமாட்டேன், அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் ரோட்டில் நிற்கமாட்டேன். அந்த ஞாயிறு ஆராதனையை மூப்பர்கள் நடத்துவார்கள். என் வீட்டுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.